தட்டில் ஒரு பெருக்கமரம்

மன்னாருக்கு வருகிற விருந்தாளிகளைப் பள்ளிமுனைப் பெருக்கமரத்தடிக்குக் கூட்டிப்போகாத வீடு குறைவு. அதன் உயரம் 7.5 மீற்றர்தான், சுற்றளவோ 19.5 மீற்றர். கணக்குப் போட்டால் அடிமரத்தின் குறுக்களவு மட்டும் ஆறு மீற்றருக்கு மேல் வருகிறது. குட்டை உயரம், பருத்த அடி, பார்த்ததும் தெரிகிற முதுமை. போன்சாய் வளர்ப்பவர்கள் வருடக்கணக்காகப் பாடுபட்டு ஒரு தட்டுக்குள் கொண்டுவரப் பார்ப்பது இந்தத் தோற்றத்தைத்தான்.

ஆபிரிக்காவுக்குரிய இந்த மரத்தை அறபு வணிகர்கள் ஒட்டகத் தீனிக்காகக் கொண்டுவந்தார்கள் என்பது ஊர் வழக்கு. இன்று ஒட்டகம் இல்லை. கழுதைகள்தான் நிற்கின்றன.

எங்கள் குடும்பத்தில் முதலில் இதைச் சாடியில் வளர்த்தவர் பெரிய மாமா. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் ஆட்களும் எருக்கலம்பிட்டியை விட்டுப் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். 2002 சமாதான காலத்தில் ஊர் பார்க்க வந்த மாமா, ஒரு பெருக்கமரத்தடியில் பொறுக்கிய காயோடு திரும்பினார். நடுவதற்கு நிலம் வேண்டுமே! இருந்தது வாடகை வளவு. “அடுத்தவன்ட காணியில நட்டா அது அவன்ட மரம்” என்று சொல்லி, பழைய பேசினில் விதையைப் போட்டாராம். போன்சாய் என்ற சொல்லே அப்போது அவருக்குத் தெரியாது.

என்னுடைய கன்றுக்கு மூன்று வயது. விதையின் தோல் கடினம். சாண்ட் பேப்பரில் தேய்த்து, சுடுதண்ணீரில் ஊறவைத்த பிறகே முளைத்தது. கிழங்குபோல் பருத்திருந்த ஆணிவேரை மாமா சொன்னபடி வெட்டிவிட்டு, ஆழமில்லாத தட்டுக்கு மாற்றினேன்.

கம்பி கட்டுவதற்கு இலையுதிர்ந்த கோடைகாலம் நல்லது. கிளைகள் மறைவில்லாமல் தெரியும். அலுமினியக் கம்பி, கிளையின் பருமனில் மூன்றிலொரு பங்கு இருந்தால் போதும். தண்டில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடிமானம் எடுத்து, நாற்பத்தைந்து பாகை சரிவில் கிளை நெடுகச் சுற்ற வேண்டும். சுற்றி முடித்த பிறகுதான் வளைப்பது, அதுவும் பெருவிரலை உள்பக்கம் முட்டுக்கொடுத்து, மெதுவாக. இந்த நாட்களில் தண்ணீரையும் நிறுத்திவிட வேண்டும்; இலையில்லாத பெருக்கமரத்துக்கு ஊற்றினால் வேர் அழுகும்.

ஆனால், இதற்குக் கம்பி கட்டுவதில் ஒரு பயம் உண்டு. மரம் மெதுமை, உள்ளே தண்ணீரைச் சேர்த்துவைக்கிற உடம்பு. மழை விழுந்து துளிர்த்ததும் கிளை மளமளவென்று பருக்கும், கம்பி தோலுக்குள் இறங்கிவிடும். அதனால் கிழமைக்கு ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும். எடுக்கும்போது சுற்றை அவிழ்க்கக்கூடாது, கிளை முறியும். குறட்டால் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். பலர் இந்த மரத்துக்குக் கம்பியே வேண்டாம், கத்தரிப்பு மட்டும் போதும் என்பார்கள். அவர்கள் சொல்வது முக்கால்வாசி சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

உம்மம்மாவுக்கு நான் செய்வது பிடிக்கவில்லை. “உயிருள்ள ஒன்டுக்கு ஏன் புள்ள விலங்கு போடுறாய்?”

“கொஞ்ச நாளைக்குத்தான் உம்மம்மா. மழைக்குப் பிறகு கழட்டிருவேன்.”

“நாங்களும் கொஞ்ச நாளைக்கு என்டுதான் போன.”

அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. தஸ்பீஹை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் ஊருக்கு வந்துவிட்டோம். மாமா வரவில்லை. புத்தளத்தில் இப்போது அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது. மச்சான்மார் பிறந்து படித்ததெல்லாம் அங்கேதான். தன் மரத்தை எருக்கலம்பிட்டிக் காணியில் நட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. பிள்ளைகள் விடுகிறார்களில்லை. “அது இங்க வளந்த மரம், எங்கட மரம்” என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. உம்மா யாருக்காகவும் பேசாமல் சிரித்துக்கொண்டிருப்பார்.

போன கிழமை மாமா போன் எடுத்தார். “மழைக்கு முன்னால பின்வளவில ஒரு குழி வெட்டி வை மகள். கிணத்துக்கும் சுவருக்கும் கிட்ட வேணாம், இருபது அடியாவது தள்ளி வெட்டு. அது பெருத்து வரும்” என்றார்.

எந்த மரத்துக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குழி வெட்டியாகிவிட்டது, கழுதை விழுந்துவிடாமல் வாப்பா சுற்றிக் கிடுகு கட்டியிருக்கிறார்.