தட்டிப் பார்த்த ஓசை

உரத்துப் பேசுவதே உறுதி என்று இளமையில் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவை இரண்டு: ஒன்று தொலைக்காட்சித் தொடர், மற்றொன்று எம்மூர்ப் பீங்கான் பட்டறை.

1989 ஆம் ஆண்டு. விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் சிலவே. தூர்தர்ஷனில் ‘உடான்’ என்னும் இந்தித் தொடர் வரும் நாள்களில் அண்டை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து அமர்வோம். எங்களுள் எவருக்கும் இந்தி தெரியாது. ஆயினும் கவிதா சௌத்ரி எழுதி, இயக்கி, நடித்த கல்யாணி சிங் என்னும் பாத்திரம் எங்களுக்கு அயலாகத் தோன்றவில்லை. தந்தைக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு நியாயம் கிட்டாத நிலையில், அம்மகள் தானே காவல்துறை அதிகாரியாக முனைகிறாள். சீருடை அணிந்த பின்னரும், ‘பெண்ணால் இயலுமா?’ என்னும் பார்வைகளுக்கு நடுவேதான் பணியாற்றுகிறாள். அப்போதெல்லாம் அவள் குரல் உயர்ந்ததாக எனக்கு நினைவில்லை. நிமிர்ந்த பார்வையே நினைவில் நிற்கிறது.

அதற்கு முன்பே, 1985 இல், பாசு சாட்டர்ஜி இயக்கிய ‘ரஜனி’ தொடரில் பிரியா டெண்டுல்கர் நாடறிந்த முகமானார். அன்றாட முறைகேடுகளைத் தட்டிக்கேட்கும் இல்லத்தரசியின் கதை அது. அதன் ஒரு பகுதியைக் கண்டு பம்பாய் வாடகைக் கார் ஓட்டுநர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர் என்றால், அது எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்க வேண்டும்! ரஜனி அலுவலக மேசைக்கு வெளியே நின்று கேட்டாள். கல்யாணியோ மேசைக்கு உள்ளே அமர்ந்து நெறி காத்தாள். வெளியே நின்று கேட்பதினும் உள்ளே இருந்து மறுப்பது அரிது. உண்ணும் சோறு அங்கிருந்தன்றோ வருகிறது!

இவ்வுண்மையை அடுத்த கோடை விடுமுறையில் உணர்ந்தேன். பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்யும் ஒரு சிறு பட்டறையில் சரக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. 1200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சூளையில் வெந்து வரும் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்லதாயின் மணிபோல் ஒலிக்கும். உள்ளே விரிசல் இருப்பின் ஓசை மழுங்கும். மேற்பூச்சின் பளபளப்பு கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்றாது. விரிசலில் ஈரம் புகுந்தால் மின்சாரம் கசியும். பின்னர் அதைத் தொடும் கை யாருடையதோ!

ஒரு நாள், கழித்து வைத்தவற்றைச் சுட்டி மேற்பார்வையாளர் சொன்னார்: “நல்லதோடு கலந்து வைம்மா, யார் பார்க்கப் போகிறார்கள்?” கலந்து வைத்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுவாரமும் அவ்வாறே சொன்னார். “ஐயா, நீங்களே ஒன்றைத் தட்டிப் பாருங்கள்” என்றேன். குரல் நடுங்கிற்று. அவர் தட்டினார், ஒன்றும் பேசவில்லை. மாலையில், “நாளை முதல் வர வேண்டாம்” என்றார். புறப்படுகையில், அருகமர்ந்து வேலை செய்த மூதாட்டி என் கையைப் பற்றி, “போய் நல்லாப் படி பாப்பா” என்றார். அக்கழிவுக் கூடையை அவர் தம் முந்தானையால் மூடி வைத்திருந்தார்.

நான் இழந்தது ஒரு மாதச் சம்பளம். முதல் நாள் கலந்து வைத்தவை எவ்வீடுகளுக்குச் சென்றனவோ என்னும் கவலையோ இன்றளவும் தீரவில்லை. ஒருமுறை மறுத்தேன் என்னும் பெருமையினும், ஒருமுறை மறுக்கவில்லை என்னும் வருத்தமே என்னைப் பின்னாளில் பலமுறை காத்தது.

கல்யாணியின் கதைக்கு ஊற்றாக இருந்தவர் கவிதாவின் தமக்கையார் காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யா. 1973 இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த அவர், 2004 இல் உத்தராகண்டில் நாட்டின் முதல் பெண் காவல்துறைத் தலைமை இயக்குநரானார். காஞ்சன் 2019 இலும், கவிதா 2024 இலும் மறைந்தனர்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் ஏதேனும் ஒரு மேசைக்கு உள்ளே அமர்வீர்கள். அன்று ஒரு கோப்போ, ஒரு கணக்கோ, ஒரு சரக்கோ உங்கள் கைக்கு வரும். தட்டிப் பாருங்கள். ஓசை மழுங்கினால், குரல் நடுங்கினாலும் சொல்லிவிடுங்கள்.