உறையாத குருதி

குருதி உறைதலைப் பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதச் சொன்னால் நம் விலங்கியல் வகுப்பில் எவரும் எழுதிவிடுவர். கல்லீரல் உண்டாக்கும் பைப்ரினோஜன் என்னும் புரதம் குருதியில் கரைந்து ஓடுகிறது. திராம்பின் என்ற நொதி அதை வெட்ட, வெட்டுண்டவை ஒன்றோடொன்று பின்னிப் பைப்ரின் வலையாகின்றன, காயம் அடைபடுகிறது.

எனக்கு வியப்பளிப்பது அதற்கு அடுத்த பகுதி. வலை பின்னும்போதே, அதைக் கரைக்கவல்ல பிளாஸ்மினோஜனும் உள்ளே சிக்கிக்கொள்கிறது. இரத்தக் குழாயின் சுவரிலிருந்து வரும் இன்னொரு புரதம் அதைப் பிளாஸ்மினாக மாற்றியதும் வலை துண்டு துண்டாக அறுபடுகிறது. திராம்பினோ இன்னும் விந்தையானது. ஊறுபடாத குழாய்ச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டால், கட்டும் வேலையை விட்டுவிட்டு, 'சி புரதம்' என்பதை எழுப்பி உறைதலுக்கு அணை போடுகிறது. (1976இல் ஸ்டென்ஃப்ளோ மாட்டுக் குருதியைப் பிரித்தபோது 'சி' என்று குறித்த பகுதியில் கிடைத்ததால் அந்தப் பெயர். இவ்வளவு பெரிய வேலைக்காரனுக்கு ஓர் எழுத்துத்தானா!)

இந்தக் கட்டுப்பாடு குலைவதை 2022இல் நேரில் கண்டேன். கடலைக் கொல்லையில் என் தந்தையாரைக் கண்ணாடி விரியன் தீண்டிற்று. அரசு மருத்துவமனையில் செவிலியர் அவர் குருதியில் 2 மில்லி எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு மேசைமேல் நிறுத்தினார். "இருபது நிமிஷம் யாரும் தொடாதீங்க" என்றார். கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தூண்டும். பிளாஸ்டிக் குழாய் இதற்கு உதவாது. தாயார் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டிருந்தார். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்திருந்தேன். நேரம் முடிந்ததும் செவிலியர் குழாயைச் சாய்த்தார். குருதி தண்ணீராய் ஓடியது.

விரியன் நஞ்சு செய்யும் சூது இது: உறைதல் காரணிகளில் ஐந்தாவதையும் பத்தாவதையும் அது வரைமுறையின்றித் தூண்டிவிடுகிறது. திராம்பின் பெருகிப் பைப்ரினோஜனைத் தின்று தீர்க்கிறது; உண்டான வலைகளைப் பிளாஸ்மின் அறுத்துத் தள்ளுகிறது. முடிவில் பின்னுவதற்கு நூலே மிஞ்சுவதில்லை. தந்தையாருக்கு ஈறிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியது.

நஞ்சுமுறி மருந்து நஞ்சைத்தான் பிடிக்கும். செலவான பைப்ரினோஜனைத் திருப்பித் தராது. அதைக் கல்லீரல்தான் புதிதாக ஆக்க வேண்டும். அதற்கு அவகாசம் தந்து, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்தார்கள். இரண்டாம் குழாயும் ஓடியது. மறுபடி மருந்து ஏற்றினார்கள். விடியற்காலையில் மூன்றாம் குழாயைச் செவிலியர் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு துளியும் விழவில்லை. தாயார் அதைக் கேட்டு வாங்கி, தாமும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தார்.