மணலுக்கும் உரியவர் உண்டு

மணல் என்றாலே மலிவானது என்ற எண்ணம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. எண்ணி முடியாதவற்றிற்கு மணலை உவமை சொல்கிறோம். நிலைத்து நில்லாத வீட்டிற்கும் மணலையே உவமை சொல்கிறோம். வேலி இல்லை, வரப்பு இல்லை, விளைச்சல் இல்லை. ஆகவே உரியவரும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த முடிவு எவ்வளவு பொருந்தும் என்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு, 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், என்னுடைய அறுபத்தாறாம் வயதில், ஆஸ்திரேலிய நாட்டுக் கடற்கரை ஒன்றில் எனக்குக் கிட்டியது. விளையாட்டாகத் தொடங்கிய ஒரு பயணம் அந்த வாய்ப்பை அளித்தது.

சிட்னி நகரில் வாழும் என் மகள் வீட்டிற்கு விடுமுறைக்காகச் சென்றிருந்தேன். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் போர்ட் ஸ்டீபன்ஸ் என்னும் பகுதி இருக்கிறது. நியூகாசில் துறைமுகத்தை அடுத்த ஸ்டாக்டன் என்னும் இடத்தில் தொடங்கி அன்னா பே என்னும் சிற்றூர் வரை, ஏறத்தாழ 32 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலோரமாக மணல் மலைகள் தொடர்ந்து கிடக்கின்றன. ஆம், மலைகள் என்றே சொல்ல வேண்டும். அவற்றுள் சில 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. தெற்கிலிருந்து வீசும் பலத்த காற்று அவற்றை ஆண்டுதோறும் சில மீட்டர் உள்நாட்டை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கடல் மட்டம் இன்றைய நிலைக்கு வந்து ஏறத்தாழ 6,000 ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் அலை கொண்டுவந்து சேர்த்ததைக் காற்று எடுத்துக் குவித்த குவியல் இது.

இந்த மணல் மலைகளின்மீது நான்கு சக்கர வண்டிகளில் மக்களை அழைத்துச் செல்கிறார்கள். குவாட் பைக் என்றும் ஏ.டி.வி. என்றும் அதனைக் குறிப்பிடுவர். அதில் செல்ல வேண்டும் என்று பதினெட்டு வயதுப் பேரன் துடித்தான். அவனைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் புறப்பட்டேன்.

"வாப்பா, இந்த வயசிலே இது தேவையா?" என்று மகள் தடுத்தாள்.

"ஒட்டகத்திலே ஏறாதவன் இதிலேயாவது ஏறட்டுமே!" என்று சொல்லிச் சமாளித்தேன். மருமகன் மட்டும், "மாமா போகட்டும், வழிகாட்டி இருக்கிறார்" என்று எனக்குத் துணை நின்றார்.

வண்டியின் வரலாறு சுவையானது. 1970ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் மூன்று பெரிய பலூன் போன்ற சக்கரங்களுடன் இத்தகைய வண்டி ஒன்றை அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பியது. திருப்பங்களில் அது எளிதில் கவிழ்ந்தது. 1980களின் தொடக்கத்தில் சுசுகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூன்று சக்கர வண்டி சந்தையை விட்டே மறைந்தது. நான்கு சக்கரம் வந்ததனால் ஆபத்து நீங்கிவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் மட்டும் 2011 முதல் 2018 வரையிலான காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இவ்வண்டிகளால் உயிரிழந்தனர். அதனால்தான், பண்ணை வேலை போன்ற பொதுப் பயன்பாட்டிற்கு விற்கப்படும் புதிய வண்டிகளில், கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் அமைப்பு இருக்க வேண்டும் என்பதை 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அந்நாடு கட்டாயமாக்கியது.

எங்களுக்குத் தலைக்கவசம் தந்தார்கள். வண்டியின் முடுக்கு விசை கைப்பிடியில் வலக்கைக் கட்டை விரலுக்கு அருகில் இருக்கிறது; அழுத்தினால் ஓடும், விட்டால் தணியும். சாதாரணக் காரின் டயரில் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு அளவில் காற்றடிப்பார்கள். இதில் ஐந்தாறு பவுண்டு போதும். மெத்தென்ற டயர் மணலில் புதையாமல் பரந்து நிற்கிறது. ஒட்டகத்தின் அகன்ற பாதத்திற்கு இறைவன் வகுத்த அதே உத்தியை மனிதன் ரப்பரில் செய்திருக்கிறான், அவ்வளவுதான்.

எங்கள் வழிகாட்டி ஓர் இளைஞர். வொரிமி என்னும் பூர்வகுடி இனத்தவர். இப்பயணத்தை நடத்துவதே அம்மக்களின் நிலக் கழகம்தான். அவர் புறப்படுமுன் சொன்ன விதிகள் மூன்று. ஏற்றத்தின் நடுவில் நிற்காதீர்கள்; சரிவின் குறுக்கே போகாதீர்கள்; என் தடத்தை விட்டு விலகாதீர்கள். முதல் இரண்டிற்கும் காரணம் சொன்னார். நடுவில் நின்றால் சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு புதையும். குறுக்கே போனால் வண்டி உருளும். மூன்றாவதற்குக் காரணம் சொல்லவில்லை. "அதைப் போகும் வழியில் காட்டுகிறேன்" என்றார்.

முதலில் கடலோரக் காட்டின் வழியே சென்றோம். மரங்கள் திடீரென முடிந்தன. எதிரே வானத்தைத் தொட்டுக்கொண்டு வெண்மணல் எழுந்து நின்றது. காட்டின் ஓரத்து மரங்கள் சில கழுத்தளவு மணலில் புதைந்திருந்தன. மணல் நடக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. காற்று மோதும் பக்கம் சரிவு மென்மையாகவும் மணல் இறுகியும் இருக்கும். மறுபக்கம் செங்குத்தாகவும் பொலபொலவென்றும் இருக்கும். உலர்ந்த மணல் ஏறத்தாழ 34 பாகைச் சாய்வு வரையே தாங்கும். அதற்கு மேல் தானே சரிந்துவிடும். மென்மையான பக்கம் ஏறி, உச்சியில் வேகம் தணித்து, மறுபக்கம் நேராக இறங்க வேண்டும். இறங்கும் வேளையில் வயிறு மேலே வந்து நெஞ்சில் முட்டியது! பக்கத்தில் பேரன் கூவிய கூச்சலில் என்னுடைய கூச்சல் வெளியே கேட்கவில்லை என்பது எனக்கு ஆறுதல்.

மூன்றாம் மேட்டைத் தாண்டியதும் வழிகாட்டி கையுயர்த்தி நிறுத்தினார். எங்கள் குழுவில் வந்த ஓர் அன்பர் இடப்பக்கத்துப் பள்ளத்தைக் காட்டி, "அப்படியே நேராகப் போனால் கடல் பக்கந்தானே? ஏன் சுற்றுகிறோம்?" என்று கேட்டார். பள்ளம் வெறுமையாகத்தான் தெரிந்தது. வழிகாட்டி எங்களை இறங்கச் செய்து, ஓரமாக நடத்தி அழைத்துச் சென்றார். பள்ளத்தின் தரையில் கருமை படிந்த ஒரு திட்டு. அருகில் பார்த்தால் ஆயிரக்கணக்கான சிப்பி ஓடுகள். கரித்துண்டுகள். உடைத்துச் சீவிய கற்கள்.

"இது எங்கள் முன்னோர்கள் உட்கார்ந்து உணவருந்திய இடம்" என்றார் அவர். கடலோர மணலில் மட்டி பொறுக்கி, இங்கே தீமூட்டிச் சுட்டு, தலைமுறை தலைமுறையாக உண்ட இடம். காற்று மணலை விலக்கும்போது ஓரிடம் வெளிப்படும், மூடும்போது மறையும். சக்கரம் ஒருமுறை ஏறினால் அடுக்கு குலைந்துவிடும். குலைந்ததை எந்தக் காற்றும் திரும்ப அடுக்காது. இவ்விடங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் தடம் வகுக்கிறார்கள். நாம் அதில் செல்கிறோம். மூன்றாம் விதிக்குக் காரணம் இதுவே. கேள்வி கேட்ட அன்பர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எவரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஐரோப்பியர் வந்து குடியேறியபின் இம்மக்கள் தம் நிலத்தை இழந்தார்கள். நெடுங்காலப் பேச்சுக்கும் முறையீட்டுக்கும் பின்னர், 2007ஆம் ஆண்டில், ஏறத்தாழ 4,200 ஹெக்டேர் பரப்புள்ள இந்த மணல் மலைகளும் காடும் வொரிமி மக்களுக்கே உரியவை என்று சட்டப்படி திருப்பி அளிக்கப்பட்டன. அவர்கள் அதனை வேலியிட்டு அடைத்துக்கொள்ளவில்லை. நியூ சவுத் வேல்ஸ் அரசுக்கே குத்தகைக்கு விட்டு, பொதுமக்கள் வந்து போகும் பாதுகாப்பு நிலமாக வைத்திருக்கிறார்கள். நிருவாகக் குழுவில் அவர்களே பெரும்பான்மையினர். உரிமை கைக்கு வந்தபின் விருந்தினரை வரவேற்று, "இங்கே மிதியுங்கள், அங்கே மிதிக்காதீர்கள்" என்று பணிவோடு சொல்லும் அந்தப் பண்பு என்னைப் பெரிதும் கவர்ந்தது.

இன்னொரு பள்ளத்தில் அவர் மண்டியிட்டுக் கைகளால் தோண்டினார். முழங்கை ஆழம் போவதற்குள் மணல் கருத்து ஈரமாயிற்று. சிறிது நேரத்தில் தெளிந்த நீர் ஊறி நின்றது. எட்டிவிடும் தூரத்தில் உப்புக்கடல் இரைகிறது. இங்கே குழிக்குள் நன்னீர்! விரலால் தொட்டு நாவில் வைத்தேன். உப்பே இல்லை.

கூட வந்தவர்கள் வியந்தார்கள். எனக்கு வியப்பைவிட நெருக்கமே தோன்றியது. காயல்பட்டினத்துக் கடற்கரையில் சிறுவயதில் நாங்கள் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்கள் அல்லவா? மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை அது கடலைத் தள்ளி நிறுத்தும் என்பது நூலறிவு. மேலே உள்ளதை உறிஞ்சிவிட்டால் கீழிருந்து கடல் ஏறிவரும் என்பதும் அதே கணக்குத்தான். மணல்மேடு என்பது ஊருக்குக் கிடைத்த தண்ணீர்த் தொட்டி. இந்த மணல் மலைகளுக்கு அருகிலுள்ள டொமாகோ மணற்படுகையிலிருந்தே நியூகாசில் வட்டாரத்திற்கு 1939 முதல் குடிநீர் எடுத்து வருகிறார்கள்.

கடலோரம் இறங்கியபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. 1974ஆம் ஆண்டு மே மாதப் புயலில் சிக்னா என்னும் நார்வே நாட்டுச் சரக்குக் கப்பல் தரைதட்டியது இந்தக் கரையில்தான். மாலுமிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். கப்பல் இரண்டாகப் பிளந்தது. அதன் பின்பகுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் துருப்பிடித்து நின்று, 2016இல் அலைக்குள் சரிந்தது. இரும்பு மறைந்துவிட்டது, சிப்பி ஓடு இருக்கிறது. எது நிலையானது என்று அந்தக் கரை தன் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் பேரன் நெடுநேரம் பேசவில்லை. எங்கள் வீட்டில் பாட்டனாரை 'அப்பா' என்றே அழைப்பது வழக்கம். "அப்பா, அவருக்கு அவங்க முன்னோர் சாப்பிட்ட இடம் கூடத் தெரியுது. நம்ம ஊரிலே அப்படி ஏதாவது இருக்கா?" என்று கேட்டான்.

இருக்கிறது என்றேன். திருச்செந்தூரைத் தாண்டிச் சென்றால் குதிரைமொழித் தேரி. செக்கச் செவேலென்ற மணல் மேடுகள். மணலின்மேல் இரும்புத் துரு படிந்ததால் வந்த செம்மை அது. பனையும் உடைமரமும் முந்திரியும் நிற்கும் அந்தத் தேரி நிலங்களில், உலோகம் அறியாத காலத்து மக்கள் விட்டுச் சென்ற சின்னஞ்சிறு கற்கருவிகள் கிடைத்துள்ளன. 1956ஆம் ஆண்டில் ஸாய்னர், ஆல்சின் என்னும் அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து எழுதினார்கள். நம் கடற்கரையின் மணலும் வெறும் மணலன்று. அதற்கும் நினைவு உண்டு, வயிற்றில் நீரும் உண்டு.

"அங்கே யார் தடம் போட்டுக் காட்டுறாங்க?" என்றான்.

இந்தக் கேள்விதான் வாசகர்களின் முன் நான் வைக்க விரும்புவது. சட்டம் நம்மிடமும் இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை தொடங்கி, 2011ஆம் ஆண்டு அறிவிக்கை மணல் மேடுகளை மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய வகையிலேயே சேர்த்தது. ஆயினும் லாரி வந்து அள்ளிச் செல்லும்போது அந்த அறிவிக்கையின் எண்ணை எடுத்துச் சொல்ல ஊரில் எத்தனை பேர் இருக்கிறோம்? கடலோர ஊர்கள் பலவற்றில் கிணறுகள் உவர்ப்பாக மாறிவருவதைக் காண்கிறோம். அந்த உவர்ப்புக்கும், போன மணலுக்கும், அளவின்றி இறைத்த நீருக்கும் உள்ள உறவைப் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறோம்?

அந்த வொரிமி இளைஞர் பெரிய படிப்பாளி என்று தம்மைக் காட்டிக்கொள்ளவில்லை. பாட்டி காட்டிய இடங்களை நினைவில் வைத்திருக்கிறார். கையால் தோண்டி நீரைக் காட்டுகிறார். விலகிப் போகிறவரை நிறுத்துகிறார். காவல் என்பது இவ்வளவுதான். எங்கும் ஓடக்கூடிய வண்டி உலகெங்கும் விற்கிறது. எங்கே ஓடக்கூடாது என்று சொல்லக்கூடியவர் அந்தந்த மண்ணிலேயே பிறந்து வளர வேண்டியிருக்கிறது.

வரும் கோடை விடுமுறையில் பேரன் ஊருக்கு வருகிறான். தேரிக்கு அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறான். வண்டி வேண்டாம், நடந்தே போவோம் என்று அவனே சொல்லிவிட்டான். அதற்குள் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பழைய ஊற்றுகள் எங்கெங்கே இருந்தன என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். இதுவரை ஏழு இடங்கள் சேர்ந்திருக்கின்றன. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குறிப்பேடு தொடங்கலாமே! சொல்லக்கூடிய வாய்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்வது நல்லது.