அஸ்ரனில் ஒரு மாலை

பேர்மிங்காம் நகரின் வடபால் அமைந்த தொழிலாளர் குடியிருப்பு அஸ்ரன். 2025 யூலை 5ஆம் நாள், அங்குள்ள வில்லா பார்க் உதைபந்தாட்ட மைதானத்துக்கு நாம் சென்றது பந்தாட்டம் பார்க்கவன்று. 'பிளாக் சபத்' குழுவினரின் இறுதி நிகழ்ச்சியைக் காணவே. கல்லூரி ஆசிரியருக்கு ஹெவி மெற்றல் இசையா என வாசகர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும்.

தொண்ணூறுகளில் மின்சாரமற்றிருந்த யாழ்ப்பாணத்தில், கவிழ்த்து வைத்த துவிச்சக்கர வண்டியின் மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ வலுவில் இக்குழுவின் கசற்றைக் கேட்டோம். சுழற்றுபவன் களைத்தால் பாட்டும் தளர்ந்து இழுபடும். உடனே அடுத்தவன் கைகொடுப்பான். அந்த இழுவையே அவர்தம் பாணியென நெடுநாள் எண்ணியிருந்தோம்!

அது முற்றும் பிழையுமன்று. 17 வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் இரு விரல் நுனிகளை இழந்தவர் ரொனி அயோமி. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறை செய்தார். பின்னர் கிற்றார்த் தந்திகளையும் தளர்த்தினார். அந்தக் கனத்த நாதம் அவ்வாறு பிறந்ததே.

1968இல் இந்நகரில் ஒன்றுகூடிய நால்வரும் 20 ஆண்டுகளின் பின் ஒரே மேடையில் தோன்றினர். போரைச் சாடும் 'வோர் பிக்ஸ்' முதலாக நான்கே பாடல்கள். பார்க்கின்சன் நோயுற்ற ஒஸி ஒஸ்போர்ன் கரிய சிம்மாசனத்தில் அமர்ந்தே பாடினார். குரல் தளர்ந்த இடங்களிற் பல்லாயிரவர் பாடி நிரப்பினர். நாமும் பாடினோம், வெட்கம் தோன்றவில்லை.

யூலை 22இல் அவர் காலமானபோது நாம் ஊர் திரும்பியிருந்தோம். அன்றிரவு பழைய கசற்றைத் தேடி எடுத்தோம். நாடா பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது.