தம்பியின் ரத்தம்

ரத்தம் எடுக்க வருகிறவர்களுக்கு என் தம்பியே வழி சொல்வான். "அந்த நரம்பு வேண்டாம் சிஸ்டர், அடைச்சுக்கிச்சு. இந்தப் பக்கம் பாருங்க, சின்ன ஊசியாப் போடுங்க." முடிந்ததும் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். முழுசாகப் பத்து நிமிஷம். 2008இல் வேலூரில் அவன் அப்படி உட்கார்ந்திருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்த ரத்தம் எதற்கு என்று அவனிடம் பொய் சொல்லிக் கூட்டிப்போயிருந்தேன்.

அவனுக்கு ஹீமோபிலியா ஏ. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் ஃபேக்டர் அவன் உடம்பில் அநேகமாக இல்லை. சின்ன வயதில் கொஞ்சம் ஓடியாடினால் போதும், ராத்திரிக்குள் முழங்கால் வீங்கிவிடும். அம்மா ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றி ஒத்தடம் கொடுத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். கும்பகோணத்தில் அவன் பள்ளிக்கூடம் போன நாளைவிடத் திண்ணையில் கால் நீட்டிக் கிடந்த நாள்தான் அதிகம்.

இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிற கோளாறு. அம்மாவிடமிருந்து அவனுக்கு வந்தது. எனக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்கள் வீட்டில் அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. என் கல்யாணப் பேச்சில் தம்பிக்கு "மூட்டுவலி" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

2005இல் மகள் பிறந்தாள். "பொம்பளப் பிள்ளை, தப்பிச்சோம்" என்று அம்மா சாமி படத்தைக் கும்பிட்டாள். பன்னிரண்டாம் நாள் ராத்திரி நான் படுத்திருந்த பாய் ரத்தத்தில் நனைந்தது. கர்ப்ப காலத்தில் எட்டாம் ஃபேக்டர் தானாக ஏறும், பிரசவத்துக்குப் பிறகு பழைய அளவுக்கு இறங்கிவிடும். இறங்கும்போதுதான் ஆபத்து. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகு என்னையும் பரிசோதித்தார்கள். 31 சதவீதம், குறைந்தது 50 இருக்க வேண்டும். வயசுக்கு வந்ததிலிருந்து மாதம் எட்டு நாள் துணி மாற்றியதற்கு "உடம்புச் சூடு" காரணமில்லை என்று 28 வயதில் தெரிந்துகொண்டேன். கணவருக்கு எங்கள் குடும்ப விஷயம் முழுதாகத் தெரிந்ததும் ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே நின்றபோதுதான். அவர் கோபப்படவில்லை. "இதை முன்னாடியே சொல்லியிருந்தா பிரசவத்துக்கு வேற இடம் பாத்திருப்பேனே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது குழந்தை வேண்டும் என்று தோன்றியபோது வேலூருக்குப் போனோம். பிறப்பது பையனானால் பாதிக்குப் பாதி. கணக்குப் போட்டால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு. கரு மூன்று மாதத்தை நெருங்கும்போது நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். ஆணா பெண்ணா என்று சொல்லத் தடை போடும் அதே 1994ஆம் ஆண்டுச் சட்டம், இப்படிப்பட்ட மரபு நோய்க்குக் கருவில் சோதிக்க அனுமதிக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், எங்கள் குடும்பத்தில் அந்த மரபணு எந்த இடத்தில் பழுதாகியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்க நோய் உள்ள ஆணின் ரத்தம்தான் தோது.

அதாவது, தம்பி வர வேண்டும்.

"உன்னைப்போல ஒரு பிள்ளை எனக்கு வேண்டாம், அதுக்கு உன் ரத்தம் கொடு" என்று எந்த வாயால் கேட்பது? "புது மருந்துக்கு ஆராய்ச்சி பண்றாங்களாம், வாடா" என்றேன். தன் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு, வீங்கின காலோடு பஸ் ஏறி வந்தான்.

அடுத்த வருஷம் உண்டானேன். சோதனை முடிவு வந்தது: கருவுக்கு ஹீமோபிலியா இருக்கிறது. அந்தக் கருவை நாங்கள் தொடரவில்லை.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் தம்பி ஒரு பை மாதுளையோடு வந்தான். உரித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னான்: "ஆராய்ச்சின்னா படிவத்துல என் பேருதான் முதல்ல இருக்கணும். உன் பேரு இருந்துச்சு. நாள் முழுக்க ஜெராக்ஸ் எடுக்கிறவன்க்கா நான், படிவம் படிக்கத் தெரியாதா?" கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்" என்றான்.

எடுத்த முடிவுக்காக நான் வருந்தவில்லை. ஒரு ஃபேக்டர் பாட்டிலுக்காக அம்மா எத்தனை பேர் வாசலில் நின்றாள் என்று பார்த்து வளர்ந்தவள் நான். இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசம். வாரத்துக்கு ஒன்றோ நாலு வாரத்துக்கு ஒன்றோ தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் எமிசிசுமாப் ஊசியும் வந்துவிட்டது. இன்று ஒரு பெண் வேறு கணக்குப் போடலாம், பிள்ளையைப் பெற்று வளர்க்கலாம். அவள் முடிவு அவளுக்கு. எனக்கு இன்னும் உறுத்துவது அந்தப் பொய்தான். அவன் வாழ்க்கையை நான் எடை போட்டேன்; தராசை அவன் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டேன்.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கருவைப் பற்றியும். அவளைப் பரிசோதிக்கத் தம்பியின் பழைய அறிக்கை வேண்டியிருந்தது. கடைக்குப் போய், எதற்கென்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு கேட்டேன். இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து, மடிப்பை நீவி, கண்ணாடி மேல் வைத்தான்.

"ரெண்டு காப்பி போடுறேன்க்கா. ஒண்ணு அவகிட்டயே இருக்கட்டும்."