அரத்தில் செய்த உளி

தண்ணீரூற்றில் வாப்பாவுக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்தது. நீரிறைக்கும் பம்புகள், லாண்ட்மாஸ்டர்கள் என்று வயல்காரர்களின் பண்டங்கள் வரும். கடைசல் உளியை அவர் கடையில் வாங்கியதில்லை. தேய்ந்த அரங்களைச் சேர்த்து வைப்பார்.

அரம் கரி மிகுந்த உருக்கு. அப்படியே தீட்டினால் முனை பொரிந்துபோகும். சிரட்டைக்கரி நெருப்பில், காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, உமிச்சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க ஆற விடுவார். மறுநாள் பல்லை ராவி வடிவம் எடுப்பார். மீண்டும் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பார். பிறகு மினுக்கி, வாலிலிருந்து மெல்லச் சூடேற்றுவார். வைக்கோல் நிறம் முனைக்கு வந்ததும் மறுபடி தோய்த்துவிட வேண்டும். நீலம் ஏறினால் மென்மையாகிவிடும். "நிறத்தைப் பார் மகன், நேரத்தைப் பாக்காதே" என்பார்.

1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பட்டறை அப்படியே கிடந்தது. புத்தளத்து ஓலைக்குடிலில் வாப்பா செய்த முதல் வேலை, எங்கிருந்தோ ஒரு பழைய அரம் தேடி உளியாக்கியது. கடைசல் இயந்திரம் இல்லாதவருக்கு உளி எதற்கு என்று உம்மா ஏசினா. அவர் பதில் சொல்லவில்லை. உளியைத் தகரப்பெட்டியில் வைத்தார். அங்கேயே மௌத்தானார்.

போர் முடிந்து, 2009க்குப் பின் ஊர் திரும்பிய நான், பொழுதுபோக்காக ஒரு சிறு கடைசல் இயந்திரம் வைத்திருக்கிறேன். உயர்வேக உருக்கு உளிகள் இப்போது தாராளம். முனை செந்தணலாய்க் காய்ந்தாலும் அவை கூர் இழப்பதில்லை. அர உளியோ இருநூற்றைம்பது பாகையிலேயே தளர்ந்துவிடும். இருந்தும் போன மாதம் அந்தத் தகரப்பெட்டியைத் திறந்தேன்.

முதல் வெட்டிலேயே முனை உடைந்தது. வாப்பாவின் பதம் பிசகியதோ என்று நெஞ்சு பதறியது. பிழை என்னுடையது. உளியை மைய உயரத்துக்குக் கீழே பூட்டியிருந்தேன். முனைக்கும் உருளைக்கும் நடுவே மெல்லிய உருக்கு அடிமட்டத்தை வைத்து அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நிமிர்ந்து நின்றால் சரி. சரிந்தால் உயரம் பிழை.

திரும்பத் தீட்டினேன். கொத்துக் கொத்தாய்ப் பொறி வெடித்தது. ஒவ்வொரு தீட்டலிலும் அவர் கைபட்ட இரும்பு குறைகிறதே என்று கை கூசியது. பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாமா என்றும் எண்ணினேன்.

அன்று பின்னேரம் பக்கத்துக் காணி ஐயா பம்பின் புஷ் ஒன்றோடு வந்தார். "இது உங்கட வாப்பா கடைஞ்சது தம்பி. இப்பதான் ஆடுது" என்றார்.

பித்தளைத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்தேன். பித்தளைக்கு உளியின் மேல்முகம் சரிவில்லாமல் மட்டமாக இருக்கவேண்டும். இல்லையேல் கொத்தி இழுக்கும். கொஞ்சம் தீட்டத்தான் வேண்டியிருந்தது. தீட்டினேன்.