மலை பார்க்கப் போன நாள்

போடிநாயக்கனூருக்கு வந்துகொண்டிருந்த மீட்டர் கேஜ் ரயில் 2010இன் இறுதியில் நின்றது. அகலப்பாதையில் அது மீண்டும் ஊருக்குள் வர 2023 ஜூன் ஆயிற்று. ஆகவே மதுரையிலிருந்து குடும்பமாகக் கிளம்புவதென்றதும் பிள்ளைகள் ரயிலையே கேட்டார்கள். அம்மாச்சிக்கு மட்டும் ஒன்று விளங்கவில்லை: கூலி இல்லாமல் எதற்காக மலைக்குப் போக வேண்டும்?

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏலத்தோட்டத்துக்குப் போனவர் அவர். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் வேலை. தேனி மாவட்டத்துப் பெண்கள் இன்றும் அப்படித்தான் எல்லை கடந்து போய் வருகிறார்கள். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் தழைத்தாலும் காய்க்கும் சரம் அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும். காயெடுப்பவர் நாள் முழுதும் குனிந்தேயிருக்க வேண்டும். காய்கள் ஒன்றாக முற்றுவதில்லையாதலால் 40, 45 நாளில் அதே தூருக்குத் திரும்ப வரவும் வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் அந்த ஒரு கிலோ 7000 ரூபாய் வரை போனதை நாளிதழ்களில் படித்தோம். எடுத்தவர்களின் கூலி என்னவென்று அவற்றில் படித்த நினைவில்லை.

வாடகைக் கார் மலையேறியது. பிள்ளைகள் வளைவுகளை உரக்க எண்ணினார்கள். நடுவில் கணக்குத் தவறிச் சண்டையும் போட்டார்கள். மேலே, சாலையோரத் தடுப்புச் சுவரருகில் இறங்கி நின்றோம். கீழே வெயிலில் சமவெளி முழுதும் விரிந்து கிடந்தது. அதன் நடுவே வெள்ளைப் புள்ளிகளாகப் போடி.

"இங்கருந்து ஊரு தெரியுமா?" என்றார் அம்மாச்சி.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போகும்போது இருட்டு, திரும்பும்போது அசதி. ஜீப்பின் உள்ளே உட்கார்ந்தவருக்கு எதிரே இருப்பவரின் முழங்கால் மட்டுமே காட்சி. அத்தனை ஆண்டுகளில் அந்த வண்டி இங்கே ஒருநாளும் நின்றதில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பேத்தியை அழைத்தார்.

"நம்ம பழைய வீடு எங்கிட்டு இருக்கு தாயி? ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே."

பேத்தி எதையோ சுட்டிக்காட்டினாள். அது வீடுதானா என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அம்மாச்சி அந்தத் திசையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் இறங்கும்போது பின்னால் ஹாரன் அடித்தபடி ஒரு ஜீப் வந்தது. உள்ளே தலையில் துணி கட்டிய பெண்கள்.

"ஓரங்கட்டச் சொல்லுப்பா," என்றார் அம்மாச்சி. "அவுக இனிமேத்தான் போயி உலை வைக்கணும்."